முன்வரிசையில் போய் உட்கார்!

பெங்களூருக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது உனக்கு?

எந்தத் தெருவில் தோசை நன்றாக இருக்கும், சொல்வாய். எந்த மாலில் எப்போது தள்ளுபடி, சொல்வாய். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய்.

டாட்டா இன்ஸ்டிட்யூட் வாசலைத் தாண்டி ஒரு நாளாவது உள்ளே போயிருக்கிறாயா?

1909 முதல் இந்த ஊரில் நிற்கிறது அந்த இந்திய அறிவியல் கழகம். பஸ் ஜன்னல் வழியாக அதன் மதிலைப் பார்த்திருப்பாய். மரங்களைப் பார்த்திருப்பாய். 'அது பெரிய படிப்பு படித்தவர்கள் இடம்' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் தலையைக் கவிழ்த்திருப்பாய்.

யார் சொன்னது? எந்தக் காவலாளி உன்னைத் தடுத்தார்? எந்தப் பலகையில் உன் பெயரைப் போட்டு 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது?

ஒருவரும் தடுக்கவில்லை. நீயே தடுத்துக்கொண்டாய்!

சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்து வானத்தைப் பார்த்தாய் அல்லவா? நட்சத்திரம் ஏன் மின்னுகிறது, நிலா ஏன் கூடவே வருகிறது என்று அப்பாவைத் துளைத்தெடுத்தாய் அல்லவா? அந்தக் கேள்விகளை எங்கே தொலைத்தாய்?

பரீட்சையில் அவை வரவில்லை. இன்டர்வியூவிலும் வரவில்லை. அதனால் கைவிட்டாய்.

அந்தக் கேள்விகளுக்காகவே வாழ்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கருந்துளையை ஆராய்கிறவர்கள், மூளையின் நரம்பணுவை ஆராய்கிறவர்கள், ஒரு குளவிக் கூட்டின் முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் மேடையேறிப் பேசுகிறார்கள். உனக்காகவே, பொதுமக்களுக்காகவே பேசுகிறார்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. பட்டச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

நாற்காலி காலியாக இருக்கிறது. நீதான் வரவில்லை!

'எனக்கு நேரம் எங்கே?' என்பாய். 'ஆபீஸ் முடியவே ஏழு மணி. அப்புறம் டிராஃபிக்.'

சரி, கேள்.

1907. கல்கத்தா. நிதித்துறைத் தேர்வில் முதலிடம் வாங்கி, உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் புது ஊரில் வந்து இறங்குகிறார் ஓர் இளைஞர். வயது 18. அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. பாஷை புதுசு. ஊர் புதுசு. பகல் முழுக்க அரசாங்கக் கணக்கு.

உன் நிலைமைதானே?

ஒருநாள் டிராமில் போகிறார். பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். நம் மக்கள் அறிவியலைக் கேட்கவும் செய்யவும் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் தொடங்கியது. அரங்கம் இருந்தது. கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆளில்லை.

எத்தனை பேர் அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருப்பார்கள்! தினமும் பார்த்திருப்பார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை.

இவர் போய்க் கதவைத் தட்டினார்.

திறந்தவர் ஆசுதோஷ் டே. பின்னால் பல வருடம் இவருக்கு ஆய்வில் கைகொடுத்தவர். தட்டியவர் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்.

அதன்பிறகு கல்கத்தாவில் இருந்த நாளெல்லாம் ஆபீசுக்கு முன்னால் விடியற்காலையில் அங்கே. ஆபீஸ் முடிந்ததும் மறுபடி அங்கே. 1917இல் பேராசிரியர் ஆகும்வரை அரசாங்க வேலையையும் விடவில்லை, அந்தக் கதவையும் விடவில்லை. 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு பிறந்தது அந்தக் கட்டடத்தில். 1930இல் நோபல்.

'அவருக்கு டிராம் கிடைத்தது, எனக்குக் கிடைத்தது சில்க் போர்டு ஜங்ஷன்' என்று ஆரம்பிக்காதே! நோபல் வாங்கு என்று நான் சொல்லவில்லை. பலகையைப் படி என்கிறேன். இறங்கு என்கிறேன். தட்டு என்கிறேன். வாரத்தில் ஒரு மாலை. அதுகூட உன்னிடம் இல்லையா?

'ராமன் எம்.ஏ. இயற்பியல். நான் வெறும் பி.காம்.'

இதைத்தான் எதிர்பார்த்தேன். இந்தச் சாக்குதான் உன்னை அதிகமாகக் கெடுத்திருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல உன்னை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

கொல்லர் மகன். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. உயர் கணிதம் அவனுக்குக் கடைசிவரை கைவரவில்லை.

1810இல் ஒருநாள் தெருவில் நடந்துபோகிறான். கடை ஜன்னலில் ஒரு நோட்டீஸ். டாட்டம் என்பவர் வீட்டில் இரவு எட்டு மணிக்கு அறிவியல் விரிவுரை. கட்டணம் ஒரு ஷில்லிங். பைண்டிங் கடைப் பையனிடம் ஏது ஷில்லிங்? அண்ணன் கொடுத்தார். அண்ணனும் கொல்லுப்பட்டறைக்காரர்தான்.

போனான். கேட்டான். எழுதினான்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி பேசும் நான்கு விரிவுரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அன்றைய லண்டனின் கனவான்களும் சீமாட்டிகளும் நிறைந்த அரங்கம் அது. இவன் மாடி வரிசையில், சுவர்க் கடிகாரத்துக்கு மேலே ஓர் இடம் பிடித்தான். காதில் விழுந்ததை எல்லாம் குறித்தான். வீட்டுக்குப் போய் அதை விரித்து எழுதினான். டேவி காட்டிய கருவிகளைப் படமாக வரைந்தான். முந்நூறு பக்கத்துக்கு மேல் வந்தது. பைண்டிங் தெரிந்த கைதானே? தன் கையாலேயே அதைப் புத்தகமாகக் கட்டினான்.

அவனிடம் பட்டம் இல்லை. ஆனால் கையில் ஒரு தொழில் இருந்தது. அந்தத் தொழிலையே அறிவியலுக்கு ஏணியாக்கினான்! உன் பி.காம். எதற்கு உதவும் என்று நீ யோசித்ததுண்டா?

அறிவியல் சார்ந்த வேலை ஏதாவது கொடுங்கள் என்று ராயல் சொசைட்டித் தலைவருக்குக் கடிதம் எழுதினான். பதிலே இல்லை. நேரில் போய் வாசலில் விசாரித்தான். ஒன்றும் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? 'நமக்கெல்லாம் எதற்கு' என்று படுத்திருப்பாய். அவன் பைண்டு செய்த புத்தகத்தை எடுத்து டேவிக்கே அனுப்பினான்! 1813 மார்ச்சில் அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளன்.

மைக்கேல் ஃபாரடே. 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை வைத்துத்தான் இன்றைக்கும் மின்நிலையங்களில் ஜெனரேட்டர் சுற்றுகிறது. மாடி வரிசையில் உட்கார்ந்து கேட்ட பையன், பின்னாளில் அதே இடத்தில் 19 கிறிஸ்துமஸ் விரிவுரைத் தொடர்களைப் பிள்ளைகளுக்காக நடத்தினார்.

இனிமேல் பி.காம். என்று என்னிடம் சொல்லாதே!

'எங்கே போவது?' என்று கேள். அதுதான் உருப்படியான கேள்வி.

பசவனகுடிக்குப் போ. மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அந்தக் கல்லூரியில் எச்.நரசிம்மையா என்ற இயற்பியல் ஆசிரியர் 1962இல் தொடங்கியது பெங்களூர் சயின்ஸ் ஃபோரம். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு விரிவுரை. இது அறுபது வருடத்துக்கு மேலான வழக்கம். ஜூலை வந்தால் அறிவியல் விழா.

நரசிம்மையா யார் தெரியுமா? கௌரிபிதனூர்ப் பக்கம் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. படிக்க வேண்டும் என்று அங்கிருந்து பெங்களூருக்கு நடந்தே வந்தவர். ஆமாம், நடந்தே! 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெங்களூர் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனவர். அத்தனைக்கும் பிறகும் கல்லூரி விடுதியின் ஓர் அறையிலேயே எளிமையாக வாழ்ந்து முடித்தவர்.

அப்படிப்பட்ட மனிதர் உனக்காகப் போட்டுவைத்த மேடை அது. நீ கோரமங்களாவில் உட்கார்ந்துகொண்டு 'தூரம்' என்கிறாய். அவர் நடந்த தூரத்தை நினைத்துப் பார்!

ஞாயிற்றுக்கிழமைதான் வசதியா? 'காப்பி வித் க்யூரியாசிட்டி' என்று ஒரு தொடர். ஹெசரகட்டா பக்கம் இருக்கும் ஐ.சி.டி.எஸ். என்ற ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. மையம் தூரம். அதனால் விரிவுரையை ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் போன்ற இடங்களில் நடக்கும். அவர்கள் உன்னைத் தேடி வருகிறார்கள், புரிகிறதா? இதற்கும் நீ போகவில்லை என்றால் குறை ஊரிடம் இல்லை.

அக்டோபர் 2 அன்று விடுமுறை. அன்றைக்கு என்ன செய்வாய்? தூங்குவாய். ராமன் 1948இல் தன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது இதே ஊரில், மேக்ரி சர்க்கிள் பக்கம். ஆண்டுதோறும் காந்தி பிறந்த நாளில் அங்கே காந்தி நினைவுச் சொற்பொழிவு. அவரே பேசினார், வருடா வருடம் பேசினார். 1970 அக்டோபரிலும் பேசினார். 82 வயதை நெருங்கிய உடம்போடு பேசினார். அடுத்த மாதம் 21ஆம் தேதி மறைந்தார்.

அவருக்குப் பேச முடிந்தது. உனக்குக் கேட்க முடியாதா?

பிப்ரவரி 28ஐக் காலண்டரில் வட்டம் போட்டுவை. தேசிய அறிவியல் தினம். அதை ஒட்டிய நாட்களில் நாடு முழுக்க ஆய்வு நிறுவனங்கள் கதவைத் திறந்துவிடுகின்றன. டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் ஓப்பன் டே என்று ஒரு நாள் உண்டு. ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம், ஆராய்ச்சி மாணவர்களிடமே கேட்கலாம். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் ஜனங்கள். ஹெப்பாள் பக்கம் 2024இல் திறந்த சயின்ஸ் கேலரியையும் பார்த்துவை.

வேறு ஊரா? சாக்கு அங்கேயும் செல்லாது! சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியிலேயே 'சயின்ஸ் அட் தி சபா' நடத்துகிறது. கச்சேரி மேடையில் கணிதம்! மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 2009 முதல் 'சாய் அண்ட் வை?' நடத்துகிறது. அதற்கு ஜுஹுவின் பிருத்வி தியேட்டர் ஓர் இடம். ஊர் எதுவானாலும் தேடுகிறவனுக்கு மேடை உண்டு.

தேடும் விதத்தைச் சொல்கிறேன். நீ இருக்கும் ஊரின் ஆராய்ச்சி நிறுவனங்கள், கோளரங்கம், அறிவியல் அருங்காட்சியகம், பழைய கல்லூரிகள் ஒவ்வொன்றின் இணையதளத்திலும் நிகழ்ச்சிகள் பகுதியைத் திற. மின்னஞ்சல் கொடுத்தால் அறிவிப்பு வரும் என்றால் உடனே கொடு. பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியைப் படி. ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டால் பாதித் தேடல் முடிந்தது. அடுத்தது எங்கே என்று பக்கத்து நாற்காலிக்காரரே சொல்வார்.

ஒன்றை மட்டும் கவனி. செமினார் என்று போட்டிருந்தால் அது அந்தத் துறைக்காரர்களுக்கு. கலோக்வியம் என்றால் பல துறை ஆய்வாளர்களுக்கு. பப்ளிக் லெக்சர், பொதுச் சொற்பொழிவு என்று இருந்தால் அது உனக்கு! முதல் தடவையே செமினாருக்குள் நுழைந்து தலைசுற்றி, 'எனக்கு அறிவியல் வராது' என்று தீர்ப்பெழுதிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வராதது அறிவியல் இல்லை. தேர்ந்தெடுத்த அரங்கம் தப்பு. அவ்வளவுதான்!

இன்னொரு எச்சரிக்கை. குவாண்டம் சிகிச்சை, பிரபஞ்ச அதிர்வு என்று ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டு, முடிவில் பணம் கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. யார் நடத்துகிறார்கள் என்று பார். பேசுகிறவர் எங்கே ஆராய்ச்சி செய்கிறார் என்று பார். நரசிம்மையா வாழ்நாள் முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: கேள்வி கேட்காமல் எதையும் ஏற்காதே.

'கேட்டில் செக்யூரிட்டி என்ன கேட்பாரோ?'

என்ன கேட்பார்? எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். 'பப்ளிக் லெக்சருக்கு' என்று சொல். நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்லலாம். அடையாள அட்டை கேட்கலாம். காட்டு. அரங்கம் எந்தப் பக்கம் என்று அவரே கைகாட்டுவார். இவ்வளவுதான் விஷயம்! இதற்காகவா இத்தனை மாதம் பயந்தாய்?

'இங்கிலீஷில் பேசுவார்கள். எனக்குப் புரியாது.'

புரியாதுதான்! முதல் நாள் கால்வாசிகூடப் புரியாமல் போகலாம். அதனால் என்ன? மேடையில் நிற்கிறவருக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டதா? புரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் இருபது வருடம் போராடியிருக்கிறார். நீ இருபது நிமிடத்தில் ஓடிவருகிறாய்!

ஒரு நோட்டு எடுத்துப் போ. நாற்பது ரூபாய் நோட்டு போதும். புரியாத சொல்லை ஒலிக்கிறபடியே தமிழில் எழுது. எழுத்துப் பிழையா? இருக்கட்டும். ராத்திரி அறைக்கு வந்து ஒவ்வொன்றாகத் தேடு. மூன்றாவது கூட்டத்தில் பழைய சொல் மறுபடி வரும். அப்போது உனக்குள் ஒன்று நிமிரும் பார், அதை யூடியூப் தராது.

ஆமாம், பல விரிவுரைகள் யூடியூபில் வருகின்றன. எத்தனையைச் சேமித்து வைத்திருக்கிறாய்? எத்தனையை முழுதாகப் பார்த்தாய்? நேர்மையாகச் சொல்!

அரங்கத்தில் வேகம் கூட்டி ஓட்ட முடியாது. பாதியில் ரீல்ஸுக்குத் தாவ முடியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும். அந்த உட்காருதல்தான் உனக்குப் பழக்கமில்லாமல் போயிருக்கிறது. அதைத்தான் மீட்கவேண்டும்.

எல்லா விரிவுரையும் நன்றாக இருக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சிலர் ஸ்லைடைப் பார்த்தே வாசிப்பார்கள். சிலர் மைக்கை விட்டு விலகிப் பேசுவார்கள். ஒரு மோசமான கூட்டத்தில் மாட்டுவாய். மாட்டினால் என்ன? மோசமான சினிமா பார்த்த பிறகு சினிமாவையே விட்டுவிட்டாயா? அடுத்த வாரமும் போ.

தனியாகப் போகவேண்டுமே என்கிறாயா? போ! துணைக்கு ஆள் சேர்க்கிற வரைக்கும் அறிவு காத்திருக்காது. ரூம்மேட் வரமாட்டான் என்றால் விடு. அங்கே வந்து பார். துணிப்பையோடு வரும் ஓய்வுபெற்ற பெரியவர், யூனிஃபார்ம் கலையாமல் அம்மாவை இழுத்துக்கொண்டு வரும் பள்ளிக்கூடப் பெண், உன்னைப் போலவே ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்தவன். புது ஊரில் உனக்கு மனிதர்களே இல்லை என்று புலம்பினாயே! உன் ஆட்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் கடைசி வரிசையைத் தேடாதே. கதவுப் பக்கம் ஒட்டாதே. யாரிடமிருந்து தப்பிக்கப் போகிறாய்? நேராக நட. முன்வரிசையில் போய் உட்கார்! ஸ்லைடு தெளிவாகத் தெரியும். பேசுகிறவர் முகம் தெரியும். போனை எடுக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நல்லது.

விரிவுரை முடியும். கைதட்டல் முடியும். 'கேள்விகள் உண்டா?' என்பார்கள். அரங்கம் அமைதியாகும்.

இப்போதுதான் உன் பரீட்சை!

உன் மனசில் ஒரு கேள்வி இருக்கும். நிச்சயம் இருக்கும். நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வியர்க்கும். 'இது முட்டாள்தனமான கேள்வியோ? சிரிப்பார்களோ?' என்று ஒரு குரல் இழுக்கும். அந்தக் குரலுக்கு எத்தனை வருடமாக அடிபணிந்திருக்கிறாய்? வகுப்பில் அடிபணிந்தாய். மீட்டிங்கில் அடிபணிகிறாய். இங்கேயுமா?

கையைத் தூக்கு!

மைக் உன்னிடம் வரும். கை நடுங்கினால் நடுங்கட்டும். எழுந்து நில். நோட்டைப் பார்த்தே கேள், தப்பில்லை. இலக்கணம் தடுமாறினால் தடுமாறட்டும். ஒரே வாக்கியம். சுருக்கமாகக் கேள். உன் பெருமையைச் சொல்ல மைக் பிடிக்காதே. அப்படிப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீ தெரிந்துகொள்ள வந்தவன். கேள், நிறுத்து, கேட்டுக்கொள்.

சில நேரம் அவர் புன்னகையோடு சொல்வார்: 'இதற்கு விடை எங்களுக்கே இன்னும் தெரியாது.'

கவனித்தாயா? வாழ்நாளை அதற்கே கொடுத்தவர், அத்தனை பேர் முன்னால், தெரியாது என்கிறார். வெட்கப்படவில்லை. தலைகுனியவில்லை. நீ 'தெரியாது' என்ற சொல்லுக்குப் பயந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய். அவர் அதே சொல்லோடு தினமும் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார்!

கூட்டம் கலையும்போது நழுவிவிடாதே. மேடைப் பக்கம் போ. நாலு பேர் அவரைச் சுற்றி நிற்பார்கள். நீயும் நில். உன் முறை வரும். மேலே படிக்க என்ன புத்தகம் என்று கேள். நோட்டை நீட்டு, அவரே எழுதிக் கொடுப்பார். பக்கத்தில் நிற்கிறவரிடம் அடுத்த விரிவுரை எங்கே, எப்போது என்று கேள்.

புதன்கிழமை என்கிறாரா? ஆறு மணி என்கிறாரா? மேனேஜரிடம் இன்றைக்கே சொல்லிவிடு: புதன்கிழமை ஐந்து மணிக்கு நான் கிளம்பிவிடுவேன்!